திரைக்குள் மட்டும் வாழும் இசைக்குழுவுக்கு மதிப்புக் கொடுக்கலாமா?

முள்ளியவளைக்காரன்:
முல்லைத்தீவின் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் விடிய விடிய மேளம் கேட்டு வளர்ந்தவன் நான். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தை ஜெனரேட்டரில் ஓடிய தொலைக்காட்சியில் பார்த்தபோது, அதில் வரும் சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரக் குழு உண்மையில் இருக்கிறது என்றே நம்பினேன். இப்படியான குழுக்களுக்கு உண்மைக் கலைஞர்களின் மதிப்பு தகுமா?

குளக்கட்டு:
தகும். ஆனால் யாருக்கு, அண்ணை? திரையில் சிவாஜி. உண்மையில் நாதஸ்வரம் ஊதியவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். மாலை அவர்களுக்கே.

மாங்குளம் சந்தி:
எல்லாம் அப்படியில்லை. 'ஸ்பைனல் டாப்' 1984இல் ஒரு ஆங்கிலப் படத்தின் மூலம் புகழ்பெற்ற கற்பனை ராக் இசைக்குழு. நடிகர்களே வாசித்தார்கள், 1992இல் லண்டன் வெம்பிளி அரங்கின் மேடையிலும் ஏறினார்கள். அவர்களை எப்படிப் பொய் என்பது?

முள்ளியவளைக்காரன்:
குளக்கட்டு சொன்னது என்னைத் தொட்டுவிட்டது, தம்பி. தவில் வாசித்த என் பெரியப்பா அன்று திரையைப் பார்க்கவேயில்லை. கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டவர், படம் முடிந்ததும், "அந்த நாதஸ்வரச் சீவாளிக்கு மூச்சுக் கொடுத்தவன் யாரடா?" என்று கேட்டார். எனக்கு அப்போது பெயர் தெரியாது. தெரிந்தபோது அவர் இல்லை.