அம்மா வீட்டுக் குத்துவிளக்கு: உங்க அனுபவம்?

தஞ்சாவூர்ப் பொண்ணு:
போன கார்த்திகைக்கு முன்னாடி நடந்தது, இன்னும் மனசு ஆறல. அம்மாவோட ஜோடி குத்துவிளக்கு, நாச்சியார்கோவில்ல வாங்கினது, 3 அடி. பாலிஷுக்குக் கொடுத்தோம். பளபளன்னுதான் வந்தது. அம்மா அடிப்பாகம், தண்டு, அகல் எல்லாம் திருகி மாட்டிட்டுக் கடைசியா அன்னத்தை வெச்சாங்க. மரை பிடிக்கல, லொடலொடன்னு ஆடுது. அலகைக் கட்டைவிரலால தடவிப் பார்த்துட்டு, "இது நம்ம அன்னம் இல்லடி"ன்னாங்க. எங்க அன்னத்துக்கு அலகு நுனி மழுங்கி இருக்கும். சின்ன வயசுல நான் தள்ளிவிட்டது. கடைக்காரர் "மாறவே மாறாதும்மா"ன்னு ஒரே பிடி. இப்ப மரையில நூல் சுத்தி நிறுத்தியிருக்கோம்.

விருதுநகர் மருமகள்:
எங்க வீட்ல காமாட்சி விளக்கு. நான் வலது கால் வெச்சு உள்ள வந்த அன்னிக்கு மாமியார் கையில கொடுத்தது, அவங்களுக்கு அவங்க மாமியார் கொடுத்தது. புளி போட்டுத் தேச்சுத் தேச்சு கஜலட்சுமிக்கு முகமே இல்ல, ரெண்டு பக்கமும் யானை மட்டும் மேடா தெரியும். பழசைப் போட்டுப் புதுசு வாங்கலாம்னு போனேன். தராசுல வெச்சதும் திரி போடுற மூக்குலேர்ந்து ஒரு சொட்டு எண்ணெய் தட்டுல இறங்குச்சு. எடுத்துட்டு வந்துட்டேன். வீட்ல யார்கிட்டயும் சொல்லல.

திருச்சிக்காரன்:
முதல்ல எழுதின தங்கச்சிக்கு: கடைக்காரர் வேணும்னே மாத்தியிருக்க மாட்டார். நாலஞ்சு வீட்டு விளக்கைக் கழட்டி ஒண்ணாப் போட்டா பாகம் கலந்துடும். கையால கடைஞ்சு மரை போட்டது, ஒண்ணோட மரை இன்னொண்ணுக்குச் சேராது. கொடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பாகத்துக்கும் உள்பக்கம் ஆணியால அடையாளம் கீறிடுங்க, போட்டோவும் எடுத்துக்குங்க. அடுத்து எழுதினவங்களுக்கு: புளியைக் குத்தம் சொல்லாதீங்கம்மா. செங்கல் பொடியும் கம்பி நாரும்தான் உருவத்தை அழிக்கும். புளிக்கரைசல் பூசி, விரலால தேச்சு, உடனே கழுவி ஈரம் போகத் துடைங்க. நாள்கணக்கா எண்ணெய் நிக்க விட்டா பச்சைக் களிம்பு பிடிக்கும். லாக்கர்ங்கிற பளபளப்பு வார்னிஷ் பூசின விளக்கை அழகுக்கு மட்டும் வைங்க, ஏத்தினா சூட்டுல கருகும்.

என் கதை சின்னதுதான். எங்க அப்பத்தா விளக்கை ஊதி அணைக்க விடாது. "மலையேத்துடா"ன்னு பூவைக் கையில கொடுக்கும். அது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின ராத்திரி, ஆட்டோ வாசல்ல நிக்குதுன்னு நான் ஊதிட்டேன். திரும்பிப் பார்த்துச்சு, ஒண்ணும் சொல்லல.

தஞ்சாவூர்ப் பொண்ணு:
நீங்க சொல்றது சரிதான்ணே, அவர் வேணும்னு பண்ணியிருக்க மாட்டார். ஆனா கலந்துடுச்சுன்னா எங்க அன்னம் இன்னொரு வீட்டு விளக்கு மேல இருக்கணும்ல? தஞ்சாவூர்ப் பக்கம் யார் வீட்லயாவது அலகு மழுங்கின அன்னம் ஆடிக்கிட்டு இருந்தா சொல்லுங்க. உங்க அன்னம் எங்ககிட்ட பத்திரமா இருக்கு.