மூடநம்பிக்கையைப் பற்றிய நாடகம் பிரசாரமாகிவிடாமல் இருக்க என்ன வழி?

கேள்வி:
ஒரு மணி நேர நாடகம் ஒன்றை எழுதிவருகிறேன். மகன் பயணம் போனால் திரும்பமாட்டான் என்று யாரோ சொன்ன குறியை நம்பி, ஒரு தாய் குடும்பத்தையே முடக்கிவிடுவதுதான் கதை. ஒத்திகையில் தாய் வாய் திறந்தாலே பார்த்தவர்கள் சிரித்தார்கள். இறுதியில் மகன் பத்து நிமிடம் பகுத்தறிவு பேசியபோது நெளிந்தார்கள். அந்த நம்பிக்கையின் பிடியைக் காட்ட வேண்டும். ஆனால் மேடையே அதற்குச் சான்றிதழ் கொடுத்ததாகவும் ஆகிவிடக் கூடாது.

பதில் 1:
அந்தப் பத்து நிமிடத்தை முதலில் வெட்டுங்கள். ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில், சூனியக்காரிகள் மேக்பெத்தைக் காடர் என்ற ஊரின் பிரபு என்று அழைப்பதற்கு முந்தைய காட்சியிலேயே, மன்னன் டங்கன் அந்தப் பட்டத்தை அவனுக்கு அளித்துவிடுவதை நாம் பார்த்துவிடுகிறோம். அவனுக்கு அது தெரியாது. அதனால்தான் அவன் திகைத்து நிற்கும்போது நமக்குச் சிரிப்பு வராமல் அச்சம் வருகிறது. காடு நகர்ந்து வரும் என்ற வாக்கும், வீரர்கள் கிளைகளை வெட்டி ஏந்தி நடப்பதால்தான் பலிக்கிறது. விளக்கம் முழுவதும் கண்முன்னே நிகழ்கிறது. யாரும் அதை உரையாற்றுவதில்லை.

பதில் 2:
சிரிப்புக்குக் காரணம், உங்கள் நாடகத்தில் தாய் மட்டுமே நம்புகிறாள் என்பதுதான். சோஃபக்ளீஸின் ‘ஈடிபஸ்’ நாடகத்தில், குறிகளுக்குப் பொருளே இல்லை என்று சொல்லும் அதே அரசி ஜொகாஸ்டா, கணவனின் கலக்கத்தைக் கண்டதும் மாலையும் தூபமும் ஏந்தி அப்போலோ தெய்வத்தின் முன் வந்து நிற்கிறாள். (அங்கே குறி பலித்துவிடுவதால் அந்த நாடகம் உங்களுக்கு முழு முன்மாதிரி ஆகாது.) அவநம்பிக்கையாளரின் கையில் காணிக்கையைக் கொடுத்த அந்த ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனும், யாரும் பார்க்காத நேரத்தில், கட்டிய பையை ஒருமுறை அவிழ்க்கட்டுமே.

பதில் 3:
நம்பிக்கையால் யாருக்கு ஆதாயம் என்று கேளுங்கள். இன்றைய அமெரிக்காவிலுள்ள சேலம் என்ற ஊரில் 1692-இல் தொடங்கிய சூனிய வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அதை வைத்து ஆர்தர் மில்லர் எழுதி 1953-இல் மேடையேறிய ‘தி குரூசிபிள்’ நாடகத்தில் உண்மையான சூனியக்காரி ஒருத்திகூட இல்லை. அயலாரின் நிலத்தில் கண் வைத்த தாமஸ் பட்னமும், இன்னொருத்தியின் கணவனை விரும்பும் அபிகைலும், பிறருடைய அச்சத்தைத் தங்கள் கருவியாக்கிக்கொள்கிறார்கள். உங்கள் கதையில் குறி சொன்னவர் யார்? மகன் வீட்டிலேயே இருந்துவிட்டால் யாருக்கு வசதி?

பதில் 4:
மேற்கண்ட கருத்தில் எனக்குப் பாதி உடன்பாடே உண்டு. எல்லா அச்சத்துக்கும் பின்னால் ஒரு சூழ்ச்சிக்காரரை நிறுத்தினால் அதுவும் வேறொரு பிரசாரம்தான். மேடை எதைக் கண்ணுக்குக் காட்டுகிறது என்பதே என் கவலை. மேக்பெத் ஆளனுப்பிக் கொன்ற நண்பன் பாங்கோவின் ஆவி வந்து, விருந்தில் மேக்பெத்தின் இருக்கையில் அமர்கிறது என்று 1623-ஆம் ஆண்டுப் பதிப்பின் மேடைக்குறிப்பு சொல்கிறது. ஆனாலும் வெறும் நாற்காலியை வைத்தே அக்காட்சியை நடத்திய இயக்குநர்கள் உண்டு. நடிகர் வந்து அமர்ந்தால் நாமும் ஆவியைக் காண்கிறோம். நாற்காலி காலியாக இருந்தால் அவனுடைய மனத்தை மட்டுமே காண்கிறோம்.

கேள்வி கேட்டவர்:
முதல் காட்சியில் குறி சொல்பவரை நேரில் கொண்டுவந்து, சிவப்பு விளக்கும் எதிரொலியும் கொடுத்திருக்கிறோம். சான்றிதழை வழங்கியது நாங்களேதான் போலிருக்கிறது! அந்தக் காட்சியை நீக்கிவிட்டு, குறியைத் தாயின் வாய்மொழியாக மட்டும் வைத்து, மகன் பையை அவிழ்க்கும் இடத்தை வசனமே இல்லாமல் எழுதிப் பார்க்கிறேன்.