கீழ்த்தாடையும் கிரகணப் பழியும்

மீன்பாடும்வாவி:
2019 டிசம்பர் 26ஆம் திகதிச் சூரிய கிரகணம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்று கல்லடியில் என் தங்கை மீன் வெட்டியதால்தான் அவளுடைய மகன் சிறுத்த கீழ்த்தாடையோடும் பிளந்த அண்ணத்தோடும் பிறந்தான் என்று உறவினர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். மருத்துவர் அவர்களுக்கு முன்பாகவே, "கிரகணத்தன்று எத்தனை மாதம், மகள்?" என்று கேட்டார். "ஐந்து" என்றாள். முளையத்தின் நான்காம் வாரத்திலேயே தாடையை உருவாக்கும் நரம்பு முகட்டுக் கலங்கள், கருவின் கழுத்துப் பகுதியில் தாடைகள் உருவாகும் மடிப்பான முதலாம் தொண்டை வளைவை வந்தடைகின்றன என்றும், அண்ணம் பன்னிரண்டாம் வாரமளவில் மூடிவிடுகிறது என்றும், எனவே அந்தக் கத்திக்கு அங்கே வேலையே இருக்கவில்லை என்றும் அவர் சொன்னபோது, மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டதை இன்றும் மறக்க முடியவில்லை.

காரைதீவான்:
அந்த மருத்துவரின் விடை எனக்குப் போதாது. நான்காம் வாரத்தில் கிரகணம் வந்திருந்தால் பழி நியாயமாகிவிடுமா? வந்தாறுமூலையில் ஒரு விரிவுரையில் காட்டப்பட்ட எலிக்குஞ்சின் படம் என்னை இன்னும் விடவில்லை: கீழ்த்தாடையிலும் மீசைமயிர் முளைத்திருந்தது. தொண்டை வளைவின் கீழ்ப்பாதிக்கு எண்டோதெலின்-1 என்னும் சமிக்ஞை கிடைக்கும்போது டிஎல்எக்ஸ்5, டிஎல்எக்ஸ்6 ஆகிய பரம்பரையலகுகள் தொழிற்படுகின்றன. இவ்விரண்டும் நீக்கப்பட்ட எலிகளில் கீழ்த்தாடை மேல்தாடையின் சாயலிலேயே வளர்வதை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதரிலும் இதே சமிக்ஞைப் பாதை பழுதுபட்டால் சிறுதாடையும், கேள்விக்குறி போன்று வெட்டுண்ட காதுமடலும் உண்டாகலாம். சூரியனை விட்டுவிட்டு இதையல்லவா உறவினருக்கு விளக்கியிருக்க வேண்டும்!

அக்கரைப்பற்று ஆசிரியை:
தம்பி காரைதீவான், பிரசவ விடுதியில் நின்று எலியைப் பற்றி விளக்க எந்த மருத்துவருக்கு நேரமிருக்கிறது? என் வகுப்பில் சிறுதாடையுள்ள மாணவி ஒருத்தி, கேள்வி கேட்டால் என் உதடுகளையே உற்றுப் பார்ப்பாள். அவளுக்குக் காது மந்தம் என்பது பின்னரே தெரிந்தது. நடுக்காதின் சம்மட்டி, பட்டடை என்னும் சிற்றெலும்புகளும் பெரும்பாலும் அதே முதலாம் வளைவிலிருந்தே உருவாகின்றன. ஆகவே மீன்பாடும்வாவி, உங்கள் தங்கை மகனின் கேள்திறனைக் கட்டாயம் சோதியுங்கள். அண்ணப் பிளவுள்ள பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்குவதும் வழமை. இவ்வாறு இன்னொரு குழந்தை பிறந்தால், நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கக்கூடும் என்பதால், எந்தப் பக்கமாகக் கிடத்துவது, எப்படிப் பாலூட்டுவது என்பவற்றைத் தாதியரிடம் கேட்டே செய்ய வேண்டும். பாட்டிமாரின் யோசனை வேண்டாம். தங்கை அடுத்த பிள்ளையைப் பற்றி எண்ணினால் முதலில் மரபியல் ஆலோசனை பெறட்டும். விகாரம், அதாவது பரம்பரையலகில் ஏற்படும் மாற்றம், பெற்றோரில் இல்லாமல் பிள்ளையிலேயே புதிதாகத் தோன்றுவதும் உண்டு என்பதால், யாருடைய குடியில் குறை என்று தேடும் வேலையையும் மாமியாரிடம் கொடுத்துவிடாதீர்கள்.