காப்பர் சேப்பரோன்: ‘செப்பு ஒப்படைப்பி’ எனலாமா?

வணக்கம். செல்லுக்குள் செம்பை உரிய நொதியிடம் சேர்க்கும் புரதமே காப்பர் சேப்பரோன். அதற்கு இந்தக் கலைச்சொல் பட்டியலில் முன்வைத்த ‘செப்புக் கடத்தி’ நிற்காது. இயற்பியல் மாணவர் அதை மின்கம்பி என்றே படிப்பார். பொருளும் இடறுகிறது: இந்தப் புரதத்தின் சிறப்பு சுமந்து போவதில் இல்லை, உரிய நொதியைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் இருக்கிறது.

ஈஸ்ட் செல்லுக்குள் கட்டற்ற செம்பு அயனி ஒன்றுகூட மிஞ்சாது என்று 1999இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். உள்ளே வரும் செம்பைக் கந்தகமுள்ள மூலக்கூறுகள் உடனே பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றாவிட்டால் அது ஹைட்ரஜன் பெராக்சைடிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்புகளைக் கிளப்பிவிடும். ஆகவே சூப்பராக்சைடு என்ற தீங்கான ஆக்சிஜன் வடிவத்தை அகற்றும் ஈஸ்ட்டின் எஸ்ஓடி1 நொதிக்கு, சிசிஎஸ் என்ற காப்பர் சேப்பரோன்தான் செம்பைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

சிசிஎஸ்ஸின் நடுப்பகுதி எஸ்ஓடி1 போலவே மடிந்திருப்பதால் நொதியின் ஒரு துணையலகோடு இணைசேர்கிறது. கடைசித் துண்டு மிகச் சிறியது. ஆனால் அதிலுள்ள இரண்டு சிஸ்டீன்கள் (கந்தகமுள்ள அமினோ அமிலங்கள்) இல்லாமல் செம்பு கைமாறாது. செம்பைப் பற்றும் முதல் பகுதியோ, செம்பு தட்டுப்பாடாக இருக்கும்போதுதான் பெரிதும் தேவை.

சிசிஎஸ் மரபணுவை (லைஸ்7) நீக்கிய ஈஸ்ட், லைசின் என்ற அமினோ அமிலம் இல்லாத வளர்ப்புத் தட்டில் காற்றில் வளராது; எஸ்ஓடி1 வேலைசெய்யாவிட்டால் காற்றில் அதனால் லைசினை ஆக்க முடியாது. ஆக்சிஜனை விலக்கினால் வளரும். எதிர்ப்பொருள் கொண்டு தேடினால் எஸ்ஓடி1 வழக்கமான அளவில் தெரியும். ஆனால் நொதி வேலைசெய்கிறதா என்று காட்டும் நைட்ரோபுளூ டெட்ராசோலியம் (நீலச் சாயம்) ஜெல்லில், நீலப் பின்புலத்தில் நிறமற்று விழ வேண்டிய எஸ்ஓடி1 பட்டை விழாது. புரதம் இருக்கிறது, செம்பு சேரவில்லை. அதனால் என் பரிந்துரை ‘செப்பு ஒப்படைப்பி’.

மறுமொழி:

ஐயா, ‘கடத்தி’யைத் தள்ளியது சரி. ஒரு தடை மட்டும்: சிசிஎஸ் செம்பைக் கொடுப்பதோடு நிற்பதில்லை. எஸ்ஓடி1இன் 57, 146ஆம் சிஸ்டீன்களுக்கிடையே டைசல்பைடு (கந்தகம்–கந்தகம்) பிணைப்பையும் உண்டாக்குகிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். ‘செப்புப் பொருத்தி’ என்றால் இதையும் தழுவுமே?

மறுமொழி:

தழுவும். ஆனால் ஏடிஎக்ஸ்1 என்ற இன்னொரு காப்பர் சேப்பரோன் எதையும் பொருத்துவதில்லை. சிசிசி2 என்ற பம்ப்பிடம் செம்பைக் கொடுத்துவிட்டு விலகுகிறது. இரண்டுக்கும் பொதுவாக ‘ஒப்படைப்பி’ இருக்கட்டும். சிசிஎஸ்ஸின் கூடுதல் வேலையை விளக்கத்தில் எழுதுவோம். புரத மடிப்புக்கு உதவும் சேப்பரோன்களுக்கு இச்சொல் வேண்டாம், அவை எதையும் கொடுப்பதில்லை. மாங்கனீசு கொண்ட எஸ்ஓடி2க்கு இத்தகைய புரதம் உறுதிப்படாததால், ‘மாங்கனீசு ஒப்படைப்பி’ என்ற பதிவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.