பீஸ்லேக் பக்கம் சைக்கிள் எடுத்துட்டுப் போறேன், எந்தப் பாதையில போகலாம் எதுல போகக்கூடாது?

கோவை_ஹார்ட்டெயில்:

வணக்கமுங்க. நான் இருக்கறது இங்கிலாந்துல வோக்கிங்ல, ஊர் பொள்ளாச்சி பக்கம். ரெண்டு மாசம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல ஒரு மவுண்டன் பைக் வாங்குனேன், ஹார்ட்டெயில்தான், முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன், 29 இன்ச் வீல். கால்வாய் ஓரமாவே ஓட்டி ஓட்டி சலிச்சுப் போய் போன ஞாயித்துக்கிழமை நார்த் டவுன்ஸ் மலைப்பக்கம் கிளம்பிட்டேன். ஒரு ஆப்ல கோடு போட்டிருந்துச்சு, அத நம்பி இறங்குனா மூணு எடத்துல வேலியத் தாண்டி சைக்கிளத் தூக்கித் தூக்கிப் போட வேண்டியதாயிருச்சு, அதுக்கப்புறம் ஒரு பங்ச்சர், அத ஒட்டிட்டு உக்காந்திருந்தப்போ நாயோட வந்த ஒரு வயசான அம்மா நின்னு சிரிச்ச முகமா "திஸ் இஸ் எ ஃபுட்பாத், டியர்"னு சொல்லிட்டுப் போனாங்க. திட்டியிருந்தாக் கூட பரவால்ல, அந்த டியர்தான் ரெண்டு நாளா மண்டையில ஓடிட்டே இருக்கு.

அடுத்த வாரம் பீஸ்லேக் போலாம்னு இருக்கேன், சர்ரே ஹில்ஸ்ல அதான் சைக்கிள்காரங்க ஊருன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. கார் இல்லீங்க. ரயில்ல போக முடியுமா, எது போகலாம் எது போகக்கூடாதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது, இந்த மழையில போறதுக்கு அர்த்தம் இருக்கா? போன அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

நியூமோல்டன்_அண்ணை:

தம்பி, வேலி தாண்டினனான் எண்டு எழுதினதைப் பாக்கேக்கையே விளங்கீட்டுது. அந்த மரப்படிக்கு ஸ்டைல் எண்டு பேர், ஆக்கள் மட்டும் ஏறிக் கடக்கிறது. குதிரை அதில ஏறாது, அப்ப அது பிரிடில்வே, அதாவது குதிரையும் போற பாதை, இல்லை, அப்ப சைக்கிளுக்கும் உரிமை இல்லை. சைக்கிளைத் தூக்கித்தான் கடக்க வேணும் எண்டு வந்தா அந்த இடத்திலயே நிண்டு மேப்பைப் பாருங்கோ, முக்கால்வாசி நீங்கள் பிழையான பாதையிலதான் நிப்பியள்.

இங்கிலாந்தில 1968ம் ஆண்டுச் சட்டம்தான் பிரிடில்வேயில சைக்கிள் ஓட விட்டது, ஆனா நடக்கிறவைக்கும் குதிரையில வாறவைக்கும் நாங்கள் வழி விட வேணும் எண்ட நிபந்தனையோட. கம்பத்தில இருக்கிற அம்புக்குறியின்ர நிறத்தைப் பாருங்கோ. மஞ்சள் எண்டா ஃபுட்பாத், நடக்கிறவைக்கு மட்டும், ஓடக்கூடாது. நீலம் எண்டா பிரிடில்வே, ஓடலாம். ஊதாவும் சிவப்பும் பைவே எண்ட வண்டிப் பாதை, அதுகளிலயும் ஓடலாம், ஆனா சிவப்பில சிலவேளை ஜீப்பும் மோட்டார் சைக்கிளும் வரும், வளைவுகளில கவனம். ஆப்பில தெரியிற கோடு ஆரோ ஒருத்தர் முந்தி ஓடின கோடு, அவ்வளவுதான், அவருக்கு உரிமை இருந்ததோ எண்டு அதுக்குத் தெரியாது. ஓஎஸ், அதாவது ஆர்ட்னன்ஸ் சர்வே எண்ட அரசாங்க நில அளவை நிறுவனம், போடுற எக்ஸ்ப்ளோரர் மேப் எடுங்கோ, அதில சின்னப் பச்சைக் கோடு விட்டு விட்டு வந்தா ஃபுட்பாத், நீளமா விட்டு விட்டு வந்தா பிரிடில்வே. நான் முதல் வருசம் முழுக்க இதை மாறி விளங்கி வச்சிருந்தனான், சொல்ல வெக்கமாத்தான் கிடக்கு.

ரயிலுக்கு கில்ஃபோர்ட் போய் மாறி கோம்ஷாலில இறங்குங்கோ. எல்லா ரயிலும் அங்க நிக்காது, அதால திரும்பி வாற நேரத்தையும் பாத்து வச்சிட்டு வெளிக்கிடுங்கோ. ஸ்டேஷனில இருந்து பீஸ்லேக் நாலு கிலோமீட்டர் சொச்சம், சின்ன ரோட்டு, உடம்பு சூடாக அது காணும்.

சகதி_ராணி:

மழையப் பத்தி நான் சொல்றேன், நாலு குளிர்காலம் அங்க விழுந்து எந்திரிச்சிருக்கேன். பீஸ்லேக் சுத்தி இருக்குற ஹோம்பரி ஹில், பிட்ச் ஹில், லீத் ஹில் மூணுமே கிரீன்சாண்ட் மேடு, அதாவது மணல் கலந்த மண்ணு, மழை பேஞ்சாலும் தண்ணி சீக்கிரம் வடிஞ்சிரும். அதான் லண்டன்லேர்ந்து டிசம்பர்லயும் ஆளுங்க வந்துட்டே இருக்காங்க. நீங்க போன நார்த் டவுன்ஸ் வேற, அது சுண்ணாம்புப் பாறை, நனைஞ்சா சோப்பு மாதிரி வழுக்கும், கூடவே ஃபிளின்ட் கல்லு பிளேடு கணக்கா டயரக் கிழிக்கும், உங்க பங்ச்சர் பெரும்பாலும் அதாத்தான் இருக்கும். மேட்டத் தாண்டி தெக்க இறங்குனீங்கன்னா களிமண்ணு, குளிர்காலத்துல அந்தப் பக்கம் போகவே போகாதீங்க, பின் வீலுக்கு ரெண்டு பக்கமும் இருக்குற செயின் ஸ்டே கம்பி நடுவுல மண்ணு அடைச்சு வீலே சுத்தாது, நான் ஒரு தடவ ரெண்டு மைல் சைக்கிளத் தோள்ல தூக்கிட்டு வந்திருக்கேன்.

ஹோம்பரி 261 மீட்டர்தான், கேக்குறதுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், நம்ம ஊரு மலையோட கம்பேர் பண்ணி சிரிக்காதீங்க, ஒரே நாள்ல மூணு தடவ ஏறி இறங்குனா தொடை சொல்லும். மேல ஒரு பழைய இரும்புக் காலத்துக் கோட்டையோட மண்மேடு இருக்கு, அதுமேல மட்டும் ஓட்டாதீங்க. இறங்குறதுக்கு யோகர்ட் பாட்ஸ், டெலிகிராஃப் ரோ, அப்புறம் பேரி நோஸ் பெஸ்ட்னு சைக்கிள் டிரெயில் இருக்கு, பேரே கூத்தா இருக்குல்ல. யோகர்ட் பாட்ஸ் குழி குழியா வரும், பிரேக்க விட்டு விட்டு ஓட்டணும், புடிச்சிட்டே போனா குழியிலயே நின்னுருவீங்க. பேரி நோஸ் பெஸ்ட் கடைசில ஊருக்குப் பக்கத்துல கொண்டு வந்து விட்ரும், ஹார்ட்டெயிலுக்கு அது போதும். டயர்ல காத்து கொஞ்சம் கம்மியா வைங்க. ட்யூப்லெஸ்னா எனக்கு 24 பிஎஸ்ஐ சரியா இருக்கு, உங்க எடைக்கு மாறும், ட்யூப் போட்டிருந்தா அவ்ளோ இறக்காதீங்க, ரிம்ல கடிச்சு ஓட்டை விழும்.

அப்புறம் குதிரை. இது சீரியஸ். பின்னாடிலேர்ந்து சத்தமில்லாம போய் நிக்காதீங்க, மிருகம் மிரண்டா மேல இருக்குறவங்க கதி அவ்ளோதான். தூரத்துலயே ஹலோன்னு கொரல் குடுங்க, மனுசக் கொரல் கேட்டா குதிரைக்கு நீங்க யாருன்னு புரிஞ்சிரும், அவங்க போகச் சொன்னப்புறம் ஒதுங்கி மெதுவா போங்க. மணி அடிக்கலாமான்னு கேப்பீங்க, சில குதிரைக்கு மணியே ஆகாது.

ஊருக்குள்ள வில்லேஜ் ஸ்டோர்ஸ்ல சீஸ் ஸ்ட்ரா, அதான் சீஸ் போட்டு சுட்ட நீளமான பேஸ்ட்ரி, வாங்காம வந்தா போனதே கணக்கில்ல. பேர்தான் ஸ்ட்ரா, கையில புடிச்சா நல்ல கனம்.

லாஜிக்_லிங்கம்:

எல்லாரும் ரொம்ப பயமுறுத்துறீங்களே. ஃபுட்பாத்ல சைக்கிள் ஓட்டுனா கிரிமினல் கேஸ் எல்லாம் கிடையாது பாஸ், பொதுவா அது சிவில் ட்ரெஸ்பாஸ்தான், அதாவது அடுத்தவங்க நிலத்துல அத்துமீறி நுழையறது, போலீஸ் வராது. ஸ்காட்லாந்துல 2003 சட்டத்துக்கப்புறம் பொறுப்பா நடந்துக்கிட்டா கிட்டத்தட்ட எங்க வேணா ஓட்டலாம், அங்க மலை ஒண்ணும் கரைஞ்சு போயிரல. ஆள் இல்லாத நேரம் பாத்து ஓட்டிட்டுப் போக வேண்டியதுதான்.

நியூமோல்டன்_அண்ணை:

லிங்கம், சட்டம் நீங்கள் சொல்றது சரி, ஸ்காட்லாந்துக் கதையும் சரி, எனக்கும் இஞ்ச அப்பிடி வந்தாச் சந்தோசம்தான். ஆனா பீஸ்லேக்கைச் சுத்தி இருக்கிற ஹர்ட்வுட் காட்டைப் பற்றித் தெரிஞ்சு கொண்டு கதையுங்கோ. அது அரசாங்கக் காணி இல்லை, தனியார் நிலம். 1926 இல ரெஜினால்ட் பிரே எண்ட நிலச்சொந்தக்காரர் சனங்கள் வந்து காத்து வாங்கட்டும், தேகப்பயிற்சி செய்யட்டும் எண்டு எழுதிக் குடுத்தவர். இண்டைக்கும் நன்கொடையில ஓடுற ஒரு தொண்டு அமைப்புத்தான் அதைப் பராமரிக்குது, சனங்கள் லீவு நாளில மண்வெட்டியோட வந்து தண்ணி வடியக் கான் வெட்டுறவை, நானும் ரெண்டு தரம் போய் நாரி முறிஞ்சு வந்தனான். அங்க சைக்கிளுக்கு எண்டு ஒத்துக்கொண்ட டிரெயில்கள் இருக்கிறது இந்த உறவு இருக்கிறபடியால. லீத் ஹில்லில இருக்கிற சம்மர் லைட்னிங் டிரெயிலும் அப்பிடித்தான். ஆரும் காணாத நேரம் நீங்கள் ஓடலாம், ஆனா டயர்த் தடம் திங்கக்கிழமையும் அங்கதான் கிடக்கும், அதுக்குப் பேச்சு வாங்கிறது பிறகு வாற இந்தத் தம்பி.

சகதி_ராணி:

அண்ணே +1. லிங்கம் சார் ஒரு தடவ வாங்க, மண்வெட்டி நான் தரேன் 😄

கோவைத் தம்பி, இன்னொண்ணு மறந்துட்டேன், பிராக்கன்ங்குற பெரணிச் செடிக்குள்ள போய் விழுந்தீங்கன்னா வீட்டுக்கு வந்து முட்டிக்குப் பின்னாடி இடுப்புல எல்லாம் உண்ணி இருக்கான்னு பாருங்க, அதுல லைம் நோய் வரும். குளிர்காலத்துல கம்மி, ஆனா பழக்கம் பண்ணிக்கோங்க. நாலு மணிக்கெல்லாம் இருட்டிரும், மரத்தடியில இன்னும் சீக்கிரம், லைட் எடுத்துக்கோங்க.

கோவை_ஹார்ட்டெயில்:

போயிட்டு வந்துட்டேனுங்க. காலையில ஒம்பதரைக்கு கோம்ஷால்ல இறங்கி, மேப்ப பிரிண்ட் எடுத்து ஜிப் கவர்ல போட்டு ஹேண்டில்பார்ல ரப்பர் பேண்டு மாட்டி வெச்சிருந்தேன், நீல அம்பு பாத்தா மட்டும் திரும்பறதுன்னு சத்தியம். ஹோம்பரி உச்சியில தெக்கால பாத்தா சமவெளி அப்படியே கெடந்துச்சு, கொஞ்ச நேரம் ஆழியாறு மேல நிக்கற மாதிரியே இருந்துச்சு, தண்ணியும் வெயிலும் மட்டுந்தான் இல்ல. யோகர்ட் பாட்ஸ்ல அக்கா சொன்ன மாதிரியே ரெண்டாவது குழியில பிரேக்கப் புடிச்சு நின்னு பின்னாடி வந்த ஒரு சின்னப் பையன்கிட்ட சாரி சொன்னேன், பத்து வயசு இருக்கும் அவனுக்கு, பறந்துட்டான்.

கீழ வர்றப்போ ரெண்டு குதிரை. இருவது அடிக்கு முன்னாடியே ஹலோன்னு கத்துனேன், கொஞ்சம் சத்தமாவே கத்திட்டேன் போல, குதிரை சும்மா இருந்துச்சு, மேல இருந்த அம்மாதான் திடுக்குன்னு திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் சிரிச்சுட்டே "தேங்க் யூ, டியர்"ன்னாங்க.

சீஸ் ஸ்ட்ரா நான் போறதுக்குள்ள தீந்துருச்சுங்க. எத்தன மணிக்குப் போனாக் கெடைக்கும்?