மறுமொழி: ‘ஸ்பெஷல் டாக்ஸிங் டிஸ்ட்ரிக்ட்’ தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

‘ஸ்பெஷல் டாக்ஸிங் டிஸ்ட்ரிக்ட்’ என்ற அமெரிக்க நகர வரிச்சொல்லுக்குத் தமிழ்க் கலைச்சொல் கேட்டிருந்தார்கள். இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: சிறப்பு வரி மாவட்டம், சிறப்பு வரி மண்டலம், வரிவிதிப்பு வட்டாரம். மூன்றுமே எனக்கு உடன்பாடில்லை. இது வரி கட்டுகிறவர் கைக்கு வரும் அறிவிப்பில் அச்சாகிற சொல். அவர் தவறாகப் புரிந்துகொண்டால் ஆட்சேபிக்க வேண்டிய நாளில் பேசாமல் இருந்துவிடுவார். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் பொருள். நகரத்தில் சில தெருக்களைச் சுற்றி ஒரு எல்லைக்கோடு போடுகிறார்கள். கோட்டுக்குள் உள்ள சொத்துகள் மட்டும் வழக்கமான சொத்து வரியோடு இன்னொரு தொகையும் கட்ட வேண்டும். அந்தப் பணம் நகரத்தின் பொதுக் கணக்கில் கரையக்கூடாது. நடைபாதை, தெருவிளக்கு, துப்புரவு, காவலாள் என்று அதே கோட்டுக்குள் செலவாக வேண்டும். சிகாகோவில் இதற்கு ‘ஸ்பெஷல் சர்வீஸ் ஏரியா’ என்று பெயர். அங்கே சொத்து வரிச் சீட்டில் பள்ளி, பூங்கா, நூலகம் என்று ஒவ்வொன்றுக்கும் போகிற தொகையைப் பிரித்துக் காட்டுவார்கள். அந்தப் பட்டியலிலேயே இதுவும் தனி இனமாக இருக்கும்.

இனி ‘மாவட்டம்’. அது கலெக்டர் ஆபீசை நினைவூட்டும். நாலு தெருவை யாரும் மாவட்டம் என்று சொல்வதில்லை. ‘வட்டாரம்’ வட்டார வளர்ச்சி அலுவலகத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்றிலும் ஆபத்தானது ‘சிறப்பு வரி மண்டலம்’. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று கேட்டுப் பழகியவர், இங்கே வரிச் சலுகை உண்டு என்றுதான் நினைப்பார். உண்மை நேர் எதிர்.

என் பரிந்துரை: கூடுதல் வரிப் பகுதி. வரி கூடுகிறது, ஒரு பகுதியில் மட்டும் கூடுகிறது. இரண்டும் பெயரிலேயே வந்துவிடும். இதற்கு ஒருவர் எழுப்பிய மறுப்பு:

> ‘கூடுதல்’ அன்றாடப் பேச்சுச் சொல். கலைச்சொல்லுக்குரிய கனம் இல்லை. தவிர, சர்சார்ஜுக்கும் கூடுதல் வரி என்று எழுதுகிறார்களே?

கனம் இல்லாததால்தான் அதைத் தேர்ந்தேன். சர்சார்ஜ் குழப்பம் நியாயமான கேள்வி. ஆனால் அது வரித் தொகையின் மேல் விழும் சதவீதம். அதற்கு எல்லைக்கோடு கிடையாது. ‘பகுதி’ ஒட்டி வரும்போது வேறுபாடு தெரிந்துவிடும்.

அடுத்து, இந்தப் பொதுப்பெயருக்குள் வரும் வகைகள். எல்லாமே வரி அல்ல. சியாட்டில் போன்ற நகரங்களில் ஒரு வேலையால் சொத்துக்கு எவ்வளவு பலன் என்று கணித்து, அதற்கேற்பத் தொகையைப் பங்கிடும் முறை உண்டு. கலிபோர்னியாவில் 1996-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 218-ஆம் பிரேரணை இந்த வேறுபாட்டைக் கறாராக்கியது. பலனைக் கணித்து வாங்கும் தொகைக்கு, அந்தச் சொத்துக்குத் தனிப்பலன் உண்டு என்று காட்டியாக வேண்டும். அதை ஏற்பதா என்று சொத்து உரிமையாளர்கள் போடும் வாக்கும் அவரவர் கட்டப்போகும் தொகைக்கு ஏற்ப எடை பெறும். இதை வரி என்று எழுதினால் சட்ட வேறுபாடே காணாமல் போகும். முத்திரைத் தீர்வை, நிலத் தீர்வை என்று நாம் ஏற்கெனவே புழங்கும் சொல்லை எடுத்துப் பயன்தீர்வை என்று சொல்லலாம்.

பிறகு கடைத்தெருக்காரர்களின் ‘பிசினஸ் இம்ப்ரூவ்மெண்ட் டிஸ்ட்ரிக்ட்’. இதன் முதல் வடிவம் 1970-இல் டொராண்டோவின் புளூர் வெஸ்ட் வில்லேஜில் வந்தது. பெரிய வணிக வளாகங்களுக்கு வாடிக்கையாளர்கள் போய்க்கொண்டிருந்த காலம் அது. தெருவைச் சீர்படுத்த வணிகர்கள் பணம் திரட்டினால், சிலர் கொடுப்பார்கள், சிலர் கொடுக்காமலே பலனை அனுபவிப்பார்கள். எனவே எல்லோரும் கட்டியாக வேண்டும் என்று சட்டம் கேட்டு வாங்கினார்கள். வசூலிப்பது நகராட்சி, செலவைத் தீர்மானிப்பது வணிகர் வாரியம்.

இதைப் படித்ததும் எனக்கு மகமை நினைவுக்கு வந்தது. சிவகாசி, விருதுநகர்ப் பக்கம் வணிகர்கள் சரக்கின் மேல் தாங்களே ஒரு தொகை விதித்துச் சேர்த்த பொதுப்பணம். பள்ளிக்கூடங்கள் அதில் எழுந்தன. சேர்ப்பவரும் செலவிடுபவரும் அதே வணிகர்கள் என்ற கருத்து அந்தச் சொல்லில் ஊறியிருக்கிறது. ஆனால் மகமை உறவின்முறைக்குள், சாதி அடிப்படையில் சேர்ந்த பணம். டொராண்டோ முறையில் தெருவில் கடை இருப்பதுதான் தகுதி. எனவே பொதுப்பெயராக மகமையை நான் கேட்கவில்லை. கடைத்தெரு வகைக்கு மட்டும் ‘வணிகர் மகமைப் பகுதி’ என்று வைப்போம்.

யார் தீர்மானிக்கிறார்கள் என்பதை எந்தப் பெயரும் முழுதாகச் சொல்லிவிடாது. கலைச்சொல் விளக்கத்தில் அது கட்டாயம் இருக்க வேண்டும். சிகாகோ இருக்கும் இலினாய் மாநிலத்தில் பொது விசாரணை முடிந்த 60 நாட்களுக்குள், அந்த எல்லைக்குள் பதிவான வாக்காளர்களில் 51 சதவீதமும் சொத்து உரிமையாளர்களில் 51 சதவீதமும் கையெழுத்திட்டு எதிர்த்தால் திட்டம் நின்றுவிடும். அங்கே வாடகைக்குக் கடை போட்டு, வேறு தெருவில் குடியிருக்கும் சலூன்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இரண்டு கணக்கிலும் இல்லை. ஆனால் சொத்து வரியை வாடகைதாரர் தலையில் வைக்கும் ஒப்பந்தங்கள் வணிகக் கட்டடங்களில் பரவலாக இருப்பதால், கடைசியில் பணம் அவர் கல்லாவிலிருந்தே போகும். இப்படிப்பட்ட பகுதிகளை அமைக்க வழிசெய்யும் கலிபோர்னியாவின் 1982 மெல்லோ-ரூஸ் சட்டத்தில் இன்னொரு வகைச் சிக்கல். எல்லைக்குள் பதிவான வாக்காளர்கள் 12 பேருக்குக் குறைவாக இருந்தால், ஏக்கருக்கு ஒரு வாக்கு என்று நில உரிமையாளர்களே வாக்களிப்பார்கள். வெறும் மனையாக இருக்கும்போதே கட்டுமான நிறுவனம் வாக்களித்து முடித்துவிடும். பின்னால் வீடு வாங்குகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் கட்டுவார்கள். இது எனக்குச் சரியாகவே படவில்லை.

‘டாக்ஸ் இன்க்ரிமெண்ட் ஃபைனான்சிங்’கையும் இதே தலைப்பில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம். அதில் புதிய வரியே கிடையாது. ஒரு பகுதியின் சொத்து மதிப்பு இன்று 10 கோடி டாலர், சில ஆண்டுகளில் 16 கோடி ஆகிறது என்று வையுங்கள். 10 கோடிக்கான வரி வழக்கம்போலப் பள்ளிக்கும் மற்றவற்றுக்கும் போகும். மேலே வளர்ந்த 6 கோடிக்கான வரி அந்தப் பகுதிக்கான தனி நிதிக்குப் போகும். சிகாகோவில் இது வழக்கமாக 23 ஆண்டுகள் ஓடும். ‘வரி உயர்வு நிதி’ என்று பெயர் வைத்தால் விகிதத்தை உயர்த்தியதாகப் படும். வரிவளர்ச்சி நிதிப் பகுதி என்று தனிப் பதிவாகவே போடலாம்.

மகமைக்கு மறுப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன். மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லையும் சேர்த்து அனுப்புங்கள். கடைக்காரர் ஒருவர் தன் வாயால் சொல்லக்கூடிய சொல்லாக இருந்தால் நான் மகமையை விட்டுக்கொடுக்கத் தயார்.