வலித்தணிப்பு ஈடளவு: 'சமவலிநீக்க அளவு' வேண்டாமே

அன்பர்களுக்கு வணக்கம்.

எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் தரும் ஓபியாய்டு மருந்துகளை (மார்ஃபின் போன்ற கடும் வலி மருந்துகளை) ஒப்பிடும் அட்டவணையில், ஒரு மருந்து தரும் அதே வலித்தணிப்புக்கு இன்னொன்று எவ்வளவு வேண்டும் என்பதைக் குறிக்க (ஆங்கிலத்தில் equianalgesic dose) 'சமவலிநீக்க அளவு' என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. வேகமாகப் படித்தால் 'சம வலி' என்று பிரிகிறது. அப்புறம், 'நீக்கம்' நடக்கிற காரியமில்லை. தொடை எலும்பில் கம்பி வைத்தவருக்கு வலியே இருக்கக்கூடாது என்று மருந்தை ஏற்றிக்கொண்டே போனால் மூச்சு மந்தமாகிவிடும். எழுந்து உட்காரவும் இருமவும் பிசியோதெரபிக்குக் காலை மடக்கவும் முடிகிற அளவுக்குத் தணிந்தால் போதும். ஆகவே 'தணிப்பு'.

'சம' மீதுதான் எனக்குப் பெரிய மனத்தாங்கல். ரத்தக் குழாயில் ஊசியாகப் போடும் மார்ஃபின் 10 மில்லிகிராமுக்கு வாய்வழி மார்ஃபின் சுமார் 30 மில்லிகிராம் வேண்டும். விழுங்கியதில் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் கழித்துவிடுகின்றன. ஃபென்டனில் ஊசியோ சுமார் 100 மைக்ரோகிராமே போதும். எல்லாம் தோராயம். டிரமடால் இன்னும் சிக்கல். கல்லீரலில் ஒரு நொதி அதை மாற்றித் தந்தால்தான் அதன் ஓபியாய்டு வேலை ஒழுங்காக நடக்கும். அந்த நொதி மந்தமானவர்களுக்கு அதே மாத்திரை சரியாகக் கேட்காது. ஒரு ஓபியாய்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, அட்டவணை காட்டும் அளவில் கால் பங்கு முதல் பாதிவரை குறைத்துத்தான் பொதுவாகத் தொடங்குவார்கள். இப்படிப்பட்ட எண்ணைச் 'சமம்' என்றால் மாணவர்கள் தராசு நிறுத்த கணக்காக நம்பிவிடுவார்கள். ஆபத்து.

'ஈடு' அவ்வளவு கறார் இல்லை; ஒன்றின் இடத்தில் இன்னொன்று நின்று வேலையைப் பார்க்கும், அவ்வளவுதான். சேலத்தில் எங்கள் வார்டில், ஏற்காட்டில் மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒருவர் இருந்தார். ஊசியை நிறுத்திய அன்று மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே, "அந்த ஊசிக்கு இது ஈடாகுமாங்க?" என்றார். நாம் தேடுகிற சொல் அவர் வாயிலேயே இருந்தது.

செவ்வாய்ப்பேட்டை நண்பர் ஒருவர், ஈடு என்றால் கொலுசை அடகு வைப்பதுதானே நினைவுக்கு வரும் என்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் 'வலித்தணிப்பு' முன்னால் நிற்கும்போது யாரும் அடகுக் கடையை நினைக்கமாட்டார்கள்.

எனவே பாடநூலுக்கு 'வலித்தணிப்பு ஈடளவு'; நோயாளிக்குத் தரும் தாளில் 'ஊசிக்கு ஈடான மாத்திரை அளவு' என்றே போடலாம். 'தோராயமானது, ஆளுக்கு ஆள் மாறும்' என்ற வரி விளக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.